ஹாம்பர்கர் வீட்டுச் சம்பந்தம்

நான் ஓஹியோவில் ஹாம்பர்கர் விற்கிறேன். காரைவிட்டு இறங்காமலேயே வாங்கிப்போகிறவர்களுக்காகக் கடையின் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் உண்டு. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒலிபெருக்கி. வருகிறவர் பெட்டியிடம் பேசுவார். உள்ளே காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நான் பதில் சொல்வேன். உடுமலைப்பேட்டையில் வளர்ந்த வாய். கடைசியில் ஒரு 'ங்க' சேர்க்காவிட்டால் வாக்கியம் முடிந்ததாகவே அதற்குத் தோன்றாது. 'ஓகேங்க' என்பேன். 'நெக்ஸ்ட் விண்டோங்க' என்பேன். ஆரம்பத்தில் ஜனங்கள் அது ஒலிபெருக்கியின் கோளாறு என்று நினைத்தார்கள். ஒருவர் கம்பெனிக்கே புகார் செய்தார், மெக்கானிக் வந்து ஒயரையெல்லாம் மாற்றிவிட்டுப் போனார். கோளாறு போகவில்லை. இப்போது பழகிவிட்டது. தினமும் காலையில் ஒரு பால் லாரிக்காரர், ஆறடிக்கு மேல் உயரம், மார்புவரை தாடி, இரண்டு கையிலும் பச்சை குத்திய டிராகன்கள், ஜன்னலில் காபியை வாங்கிக்கொண்டு 'தேங்க்யூங்க' என்று சொல்லிவிட்டுப் போகிறார். அது என்ன வார்த்தை என்று அவர் என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஊரில் 'ங்க' குறைந்துவருகிறது என்று கவலைப்படுகிறவர்களுக்கு, ஓஹியோவில் அது நல்லபடியாக வளர்ந்துவருவதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கடையின் பெயரை எழுதமாட்டேன். விளம்பரப் பிரிவின் அனுமதியில்லாமல் கம்பெனியின் பெயரை அச்சில் போட்டால் வக்கீல் வருவார் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் கதையைச் சொல்லக்கூடாது என்று எங்கும் இல்லை. ஒரு கண்ணாடித் தொழிற்சாலையின் வாசலில் தள்ளுவண்டி போட்ட மனிதரிடமிருந்து அந்தக் கதை ஆரம்பிக்கிறது. கம்பெனியில் எல்லோரும் அவரை 'ஓல்ட் மேன்' என்பார்கள்; நான் மனசுக்குள் பெரியவர் என்று மொழிபெயர்த்துக்கொள்வேன். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் நின்றபடியே தின்பதற்குக் கைக்கு அடக்கமாக ஒன்று தேவைப்பட்டது. பெரியவர் கொத்துக்கறியை வட்டமாகத் தட்டி, சூடான தகட்டில் போட்டு, மெல்லிசாக அரிந்த வெங்காயத்தை அதன்மேல் வைத்துக் கரண்டியால் அழுத்தினார். கறி விலை அதிகம், வெங்காயம் மலிவு, வேறு காரணமில்லை. இன்றைக்குக் கம்பெனியின் இணையதளத்தில் அதற்குப் பாரம்பரியச் சுவையின் ரகசியம் என்று பெயர். வண்டி கடையாக மாறியது. வெள்ளை ஓடு பதித்த சுவர், நீளமாக ஒரே கவுண்டர், சிவப்புச் சுழல் ஸ்டூல்கள். அச்சு அசலாக அதேபோல இன்னொன்றை அடுத்த ஊரில் வைக்க ஆசைப்பட்டபோதுதான் பெரியவருக்குச் சிக்கல் வந்தது. ஒரு மனிதர் இரண்டு கல்லாவில் உட்கார முடியாது.

இந்தச் சிக்கலை எங்கள் ஊர்க்காரர்கள் என்றைக்கோ தீர்த்துவிட்டார்கள். கோயம்புத்தூரில் ஒருவர் பேக்கரி வைப்பார். வியாபாரம் சூடு பிடித்ததும் சம்சாரத்தின் தம்பியைக் கூட்டிவந்து மாஸ்டர் பக்கத்தில் நிறுத்துவார். அந்த மச்சான் தொழில் பழகித் தாராபுரத்தில் ஒன்று போடுவார். தாராபுரத்து மச்சானின் மச்சான் உடுமலையில் ஒன்று போடுவார். அதே கண்ணாடி அலமாரி, அதே தேங்காய் பன், அதே வெஜ் பப்ஸ், பெயர்ப்பலகையில்கூட அதே பெயிண்டரின் கையெழுத்து. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியானாலும் பனியன் கம்பெனியானாலும் இதே பாதைதான். அமெரிக்கர்கள் இதற்கு ஃப்ரான்சைஸ் என்று பெயர் வைத்து, புத்தகம் எழுதி, வகுப்பு நடத்தி, வக்கீல்களை வேலைக்கு வைத்தார்கள். நாங்கள் மச்சான் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டோம். வியாபார உலகத்துக்குக் கொங்கு நாடு செய்த இந்தச் சேவையை அமெரிக்காவில் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்வதில்லை.

பெரியவருக்கு மச்சான்கள் கிடையாது. ஒருநாள் மழையில் அவருடைய கார் நின்றுபோய், முன்பின் தெரியாத ஒரு மெக்கானிக்கின் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மெக்கானிக் காரைப் பார்க்கப் போக, வீட்டம்மா இவர் யார், என்ன வேலை என்று ஒன்றும் கேட்காமல் மேஜையில் இன்னொரு தட்டை வைத்தார். பெரியவர் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, முதல் கிளையை அந்தக் குடும்பத்துக்கே கொடுத்தார். அன்றிலிருந்து அதுவே விதியாகிவிட்டது. கிளை கேட்பவர் எவராக இருந்தாலும் பெரியவரின் குடும்பத்தில் ஒருவர் சாப்பாட்டு வேளையில் அவர் வீட்டுக்குப் போவார். தானாக முழுச் சாப்பாடு போட்டால் தேர்ச்சி, பலகாரம் மட்டும் போதாது. வந்தவர் வாய்திறந்து கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அது கணக்கில் சேராது. இப்படி ஒரு தேர்வு இருப்பதே பரீட்சை எழுதுகிறவருக்குத் தெரியக்கூடாது. தேறியவர்கள் அடுத்தவரிடம் சொல்லமாட்டோம் என்று சத்தியம் செய்தாக வேண்டும். பெரியவர் போனபிறகு பெரிய நெடுஞ்சாலைகள் வந்தன, பெரிய கம்பெனிகள் வந்தன, எங்கள் கிளைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மிச்சமிருப்பதைக் கைவிரல்களால் எண்ண முடியாது. கால்விரல்களையும் சேர்த்துக்கொண்டால் முடியும். ஆனால் விதி மட்டும் குறையவில்லை. பெரியவரின் பேரன் வாரன்தான் இப்போது முதலாளி. அவரே இந்த ரகசியத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டதால்தான் நானும் எழுதுகிறேன். அவர் ஏன் சொல்ல ஆரம்பித்தார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

என் தேர்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நூற்பு மெஷின் இன்ஜினீயராக அமெரிக்காவுக்கு வந்தவன் நான். வந்து பொருத்திக்கொடுத்த மெஷின்களையே மில்லோடு சேர்த்து விற்றுவிட்டார்கள். ஊருக்குத் திரும்பினால் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் ஹாம்பர்கர் கடையில் வேலைக்குச் சேர்ந்து, தலையில் காகிதத் தொப்பி வைத்துக்கொண்டேன். உடுமலையில் என்னை 'அமெரிக்காவுல ஓட்டல் வெச்சிருக்காரு' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். காங்கேயம் காளைகளைப் பார்த்து வளர்ந்தவன் மாட்டுக்கறியைப் புரட்டிப்போடும் வேலையில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது, காளைகளுக்குத் தெரிந்திருந்தது. ஒன்று கனவில் வந்து, முட்டாமல், என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும். முட்டியிருந்தால் தேவலை. பிறகு அந்தக் கடையின் முதலாளியம்மாள் ஓய்வுபெற்றபோது நான் கிளைக்கு விண்ணப்பித்தேன். வாரன் மத்தியானத்தில் வந்தபோது நான் வீட்டில் இல்லை. என் மனைவி ராதா அவரைக் கேஸ் மீட்டர் பார்க்க வந்தவர் என்று நினைத்து, மீட்டரைக் காட்டிவிட்டு, மணி ஒன்றாகிவிட்டதே என்று அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் ஊற்றித் தட்டை நீட்டியிருக்கிறாள். அவர் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். தேர்வு எழுதியது ராதா, பாஸானது நான். எங்கள் வீட்டில் இந்த விஷயம் இன்றுவரை அடிக்கடி நினைவூட்டப்படுகிறது.

இனி உடுமலை. என் அக்கா விஜயாவும் மாமா தேவராஜும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருந்தார்கள். நேரில் வியாபாரம் பார்ப்பது மாமா, அடுப்பு அக்காவுடையது. அவள் சுடும் பன்னை நடுவில் பிய்த்தால் பஞ்சு மாதிரி இழையிழையாக வரும். மெஷினில் பஞ்சைப் பார்த்தே காலம் கழித்த நான் சொல்கிறேன். அந்தக் கட்டடம் கைமாறியது. புதிதாக வாங்கியவர் இடித்துக் கட்டப்போகிறார், தை பிறந்ததும் காலிசெய்ய வேண்டும். மாமா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டார்.  அக்கா ஒருநாள் போனில் பேசும்போது, அடுப்பை எடைக்குப் போட ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். அழவெல்லாம் இல்லை. கிலோ என்ன விலைக்குக் கேட்டான் என்பதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட வாரமே நான் வாரனைப் பிடித்தேன். கம்பெனி முதல்முறையாகக் கடல்தாண்டுவதென்றால் கோயம்புத்தூரில்தான் தாண்ட வேண்டும். அங்கே கோழியும் உருளைக்கிழங்கும் போதும், மாடு வேண்டாம். பன் சரியாக வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தப் பன் என் அக்காவிடம் இருக்கிறது என்று சொன்னேன். வாரன் யோசித்துவிட்டு, வந்து பார்க்கிறேன் என்றார். பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் சொல்லக்கூடாது என்பதும் தெரியும்.

நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அதற்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. கொங்கு நாட்டில் வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு போடுகிறார்களா என்று ஒரு தேர்வு! மீனுக்கு நீச்சல் தேர்வு வைக்கிற மாதிரி. அவ்வளவு நிம்மதியாக இருந்தேன். அதனால்தான் அக்கா போனில் பயந்துபோய், வருகிறவர் என்ன கேட்பார், இங்கிலீஷில் கேட்பாரா என்று விசாரித்தபோது, அவளைச் சிரிக்கவைக்க நினைத்து, "ஒண்ணும் இல்லக்கா. பொண்ணு பாக்க வர்ற மாதிரிதான். வந்து உக்காந்து பாத்துட்டுப் போவாங்க" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. "அப்படியா, சரி" என்றாள். அந்தச் 'சரி'யில் என்ன இருந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். அத்தனை வருஷம் ஜன்னல் வழியாகப் பேசிப்பேசி, எதிரில் இருப்பவரின் குரலில் ஆர்டரை மட்டும் கேட்கிற காதாகிவிட்டது எனக்கு.

வாரனும் நானும் கோயம்புத்தூரில் இறங்கினோம். கிளைக்கு இன்னொருவரும் போட்டியில் இருந்தார். ரேஸ்கோர்ஸ் பக்கம் பங்களா வைத்திருக்கும் ஒரு மில்காரர். முதல்நாள் அவர் வீட்டில் விருந்து. ஸ்டார் ஓட்டலிலிருந்து ஆள் வந்து, வெள்ளைக் கையுறை போட்டுப் பரிமாறினார்கள். கிளம்பும்போது வாரனின் கையில் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கைக் கொடுத்தார்கள். அதில் எதை ஊற்றி எப்படிக் குடிப்பது என்று வாரன் காரில் என்னிடம் கேட்டார். சாப்பாடு நன்றாக இருந்ததாம். யார் சமைத்தது என்றுதான் தெரியவில்லையாம். தானாகப் போட்டார்கள் என்பதில் சந்தேகமில்லை, ஆகவே தேர்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும் என்று கொஞ்சம் வருத்தமாகச் சொன்னார். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். நாளைக்கு வா ராஜா, அடுப்படியில் உட்காரவைத்துப் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வாடகைக் காரில் கிளம்பினோம். ஓட்டுநர் பாபு உக்கடத்துக்காரர், பேச்சில் கெட்டிக்காரர். பொள்ளாச்சி தாண்டித் தென்னந்தோப்புகள், அதற்கப்புறம் காற்றாலைகள். அத்தனை காற்றாலைகளைப் பார்த்து வாரன் வாயைப் பிளந்தார். ஏதோ நானே நட்டு வளர்த்தவன் மாதிரி, ஆமாம் நம்ம ஊர்தான் என்று தலையாட்டினேன். சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு அக்கா வீட்டு வாசலில் இறங்கினோம். மாமா வெள்ளை வேட்டி சட்டையில், "வாங்க, வாங்க" என்று ஆளுக்கு ஒரு தடவை தனித்தனியாகச் சொன்னார். அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். எதற்கு இந்த வெயிலில் பட்டுப்புடவை என்று நினைத்தேனே தவிர, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வீடு முழுக்க வாசனை. நாட்டுக்கோழிக் குழம்பு, பள்ளிபாளையம் வறுவல், கொள்ளு ரசம், அரிசிம்பருப்பு, ஒன்றொன்றாக என் மூக்கு பெயர் சொல்லியது. வாரன் மூக்கை உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் பெருமையோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. காபி வந்தது. வாரன் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார். மறுபடியும் பஜ்ஜி வந்தது. அக்கா எதிரில் உட்கார்ந்து, பன் மாவை எத்தனை தடவை பிசைய வேண்டும், பனிக்காலத்தில் எவ்வளவு நேரம் பொங்கவிட வேண்டும் என்று சொல்லச்சொல்ல நான் மொழிபெயர்த்தேன். வாரன் நல்ல கேள்விகள் கேட்டார், அக்கா நல்ல பதில்கள் சொன்னாள். மணி இரண்டு தாண்டியது. சமையலறைக் கதவு சாத்தியே இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்து, நேரமாச்சே என்றேன். அக்கா வாரனின் தட்டில் இன்னும் ஒரு பஜ்ஜி வைத்தாள். நான் வயிற்றைத் தடவிக் காட்டினேன். மாமா பதறி எழுந்து, பாத்ரூம் மாடிப்படிக்குக் கீழே இருப்பதாக என் காதில் சொன்னார். வேறு வழியில்லாமல் போய்வந்தேன். திரும்பி வந்தபோது மாமா என்னை ஓரமாக இழுத்து, "ஏன் மாப்ள, உங்க முதலாளி பஜ்ஜியிலயே வகுறு நெறஞ்சு முடிவச் சொல்லாம போயிருவாராட்ட இருக்குதே" என்றார்.

முடிவு. அந்த வார்த்தை காதில் விழுந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. பட்டுப்புடவை, கேசரி, பஜ்ஜி. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் தொடலாம். சோற்றில் கை வைக்கக்கூடாது. சம்பந்தம் பேசி முடித்துச் சரி என்று சொன்னபிறகுதான் கை நனைப்பார்கள். கை நனைத்துவிட்டால் பிறகு இல்லை என்று சொல்லக்கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? ராதாவைப் பார்க்கப் போன அன்று நானே பசியோடு பஜ்ஜியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தானே. நான் அக்காவிடம் விளையாட்டாகச் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டு முறையாக நடத்திக்கொண்டிருக்கிறாள். சாப்பிடாமல் முடிவு சொல்லக்கூடாது என்று வந்தவருடைய தாத்தா சொல்லியிருக்கிறார். முடிவு சொல்லாமல் சாப்பிடக்கூடாது என்று நம்முடைய தாத்தாக்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். நடுவில், இரண்டும் தெரிந்த ஒரே மனிதன், சத்தியம் செய்துவிட்டுக் கூடத்து ஓரத்தில் நிற்கிறேன்.

இதற்குள் வாரன் கை கழுவப் பின்பக்கம் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. கொல்லையில் வேப்பமரத்து நிழலில் நம்முடைய பாபு உட்கார்ந்து சாப்பிடுவதை அவர் பார்த்துவிட்டார். வாழையிலை, கோழிக்குழம்பு, எல்லாம். பாபு வண்டியைத் துடைத்து முடித்ததும் அக்கா அவரைக் கொல்லைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டிருக்கிறாள். எங்களுக்கு மறுபடியும் பஜ்ஜி எடுத்துவரும் அவசரத்துக்கு நடுவில் இது நடந்திருக்கிறது. வாரன் என்னிடம் தணிந்த குரலில், தான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா என்று கேட்டார். ஓட்டுநருக்குக் கிடைக்கிற சாப்பாடு தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டார். கோபம் இல்லை, பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்குச் சேர்த்துக்கொள்ளாத பிள்ளையின் குரல் அது. எனக்கு அதைவிடப் பெரிய கலக்கம் வேறொன்று. அவர் வாய்திறந்து சாப்பாட்டைக் கேட்டுவிட்டார். விதிப்படி இனிமேல் போட்டாலும் கணக்கில் சேராது. அக்காவின் அடுப்பைத் தராசில் ஏற்றுகிற மாதிரி ஒரு காட்சி என் கண்முன் வந்துபோனது.

இனி காத்திருந்து பயனில்லை. அக்காவிடம் போனேன். எல்லாம் சமைத்துவைத்துவிட்டு ஏன் போடாமல் இருக்கிறாய், அவர் வருத்தப்படுகிறார் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை, கனவில் வரும் காளையின் பார்வை.

"என்ற ஊட்டுல சோத்துக்கு என்னடா பஞ்சம்? முடிவச் சொல்லட்டும், போடறேன். வேண்டாம்னு சொன்னாலும் போடறேன். ஆனா முன்னாடி சொல்லோணும்."

ஏன் அப்படி, அவர் ஊரில் வேறு பழக்கம் என்றேன்.

அக்கா என்னை விட்டுவிட்டு நேராக வாரனைப் பார்த்தாள். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. "பசிச்சு வந்தவருக்குக் கேக்காம போடோணும். அது வேறைங்க. தீர்ப்புச் சொல்ல வந்தவருக்குப் போட்டா அது லஞ்சமுங்க. உண்டுபோட்டு எப்படிங்க வேண்டாம்னு சொல்லுவீங்க? உங்க வாயக் கட்டிப்போட்டு எனக்குக் கடை வேண்டாமுங்க."

இதை நான் மொழிபெயர்க்க வேண்டும். அதுவரை எத்தனையோ சட்டப் பிரிவுகளையும் மெஷின் கையேடுகளையும் மொழிபெயர்த்திருக்கிறேன், இவ்வளவு பயந்ததில்லை. ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.  வாரன் கேட்டுவிட்டுப் பஜ்ஜித் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். சாப்பிட்ட வீடுகளில் அவர் ஒருதடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லையாம். சொல்ல முடிந்ததில்லையாம். அதில் சிலவற்றுக்குக் கொடுத்திருக்கவே கூடாது, நேற்றைய வெள்ளி விளக்குக்கும் அப்படித்தான் கொடுத்திருப்பேன் என்றார். தன்னை யாரென்று தெரியாத வீட்டில் தாத்தா சாப்பிட்டார், எங்களை யாரென்று தெரிந்த வீடுகளில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்றார். தாத்தாவின் விதியோடு சேர்த்து இதை நான் அக்காவுக்குச் சொன்னேன். அவள், "பாவம், அவரு மேல தப்பில்லீங்க" என்று என்னையே ங்க போட்டுப் பேசிவிட்டாள்.

பிறகு வாரன் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். நாங்களும் பின்னால் போனோம். பாபு ரசத்தில் இருந்தார். முதலாளியே எதிரில் வந்து நிற்பதைப் பார்த்து எழப்போனவரை வாரன் கையமர்த்தி உட்காரவைத்தார். இந்த ஓட்டுநர் இன்றைக்கு யாருடைய ஆள் என்று என்னிடம் கேட்டார். வண்டியும் ஆளும் இன்று பொழுதுக்கும் கம்பெனி வாடகையில் இருப்பதாகச் சொன்னேன். அப்படியானால் கம்பெனியின் ஆள் ஒருவர் இந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டார் இல்லையா, கேட்காமலேயே போட்டார்கள் இல்லையா என்றார். சாப்பாடு எப்படி இருந்தது என்று பாபுவிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

பாபு இலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "மூணாந்தடவ கொழம்பு வாங்கிப்போட்டேனுங்க. இன்னும் என்னத்தச் சொல்லோணும்?"

வாரன் அக்காவின் பக்கம் திரும்பி, தாத்தாவின் விதி முடிந்தது, கடை உங்களுடையது என்றார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலை எடுக்க ஓடினார். அக்கா மட்டும் ஓடவில்லை. "மெய்யாலுமாடா?" என்று ஒரே தடவை கேட்டாள். ஆமாம் என்றேன்.  அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாரனிடம், "அப்ப வாங்க, கை நனைங்க" என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தார்.

அமெரிக்காவில் எங்கள் கடைகளில் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல்நாளில் பெரியவரின் கதையைச் சொல்வார்கள். இப்போது அதன் கடைசியில் உடுமலைப்பேட்டை என்று ஒரு ஊரின் பெயர் வருகிறது. யாராலும் அதைச் சரியாக உச்சரிக்க முடிவதில்லை. உச்சரிக்கிற பாட்டைப் பார்த்துக்கொண்டு பின்வரிசையில் மார்பை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பேன். இனிமேல் எந்த வீட்டுக்குப் போனாலும் முடிவைச் சொல்லிவிட்டுத்தான் தட்டில் கை வைப்பது என்று வாரன் விதியையே திருத்திவிட்டார். முடிவுக்குப் பிறகுதான் சாப்பாடு என்றானபின் மறைக்க என்ன இருக்கிறது, அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறார். நூறு வக்கீல்கள் தொடத் துணியாத விதியை ஒரு பேக்கரிக்காரி திருத்தினாள் என்று நான் சொல்வேன். வக்கீல்கள் ஒருபக்கம் என்னை முறைத்தாலும் சொல்வேன்.

அன்றைக்கு மத்தியானம் நடந்ததில் இன்னும் கொஞ்சம் பாக்கி. கூடத்தில் இலை போட்டார்கள். சம்பந்தம் முடிந்த வீட்டின் முறைப்படி, வந்தவர்கள் முதல் பந்தியில் உட்கார வேண்டும், வீட்டுக்காரர்கள் பரிமாற வேண்டும், அவர்கள் எழுந்தபிறகுதான் இவர்கள் சாப்பிட வேண்டும். வாரன் சம்மணம் போட முடியாமல் காலை எப்படியெப்படியோ மடித்து உட்கார்ந்து, தன் பக்கத்து இலையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். நான் அவருடன் வந்தவனல்லவா. உட்காரக் குனிந்தேன். "நீ எங்கடா உக்கார்ற? நம்ம ஊட்டு ஆளுக அப்பறம்" என்று அக்கா அரிசிம்பருப்புக் குண்டாவையும் கரண்டியையும் என் பக்கம் நீட்டினாள். மாமா சிரித்துக்கொண்டே, "மாப்ள எந்த ஊட்டு ஆளுன்னு மொதல்ல முடிவு பண்ணிச் சொல்லட்டும், அப்பறம் போடலாம்" என்றார். வாரன் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். என்ன சொல்வது? என் பசியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அக்காவே ஒரு தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, நின்னுக்கிட்டே தின்னு என்று கையில் திணித்தாள். வாரனுக்கு இன்னும் வேண்டியிருந்தது, பரிமாறினேன். பாபு எட்டிப் பார்த்து இன்னும் கொஞ்சம் என்றார், அவருக்கும் பரிமாறினேன். நல்ல சோறு, ஆவி பறந்துகொண்டிருந்தது. கரண்டி வலது கையில் இருந்தது, என் தட்டு இடது கையில் இருந்தது, சாப்பிடுவதற்குக் கை இல்லாமல் இரண்டு வீட்டாருக்கும் நடுவில் சிரித்துக்கொண்டு நின்றேன்.